நாட்றாம்பாளையத்திலிருந்து பெங்களூரு – 2: அப்பா வேலை பார்க்கும் இன்ஜின்

அஞ்செட்டிக் காட்டுவழியே தேன்கனிக்கோட்டை ஏறி ஓசூர் வந்து சேர்ந்ததைச் சென்ற பகுதியில் எழுதியிருந்தேன். இனி பெங்களூரு.

அக்கா பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் சொன்ன இடம் பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா. ஏழாவது படிக்கிற பெரியவள் கேட்டாள்: “யானையப் பாக்கறதுக்கா மாமா அவ்ளோ தூரம் போவணும்?” நியாயமான கேள்வி. ராகி முற்றும் பருவத்தில் யானைக்குப் பயந்து பரண் மேல் காவல் இருக்கிற ஊர் எங்களுடையது. பன்னேர்கட்டா காட்டு யானைகளும் தளி, ஜவளகிரி வழியாக நம் பக்கம் வந்து போகிறவைதான். சென்னையிலிருந்து வரும் குடும்பத்துக்கு அந்தப் பூங்காவும் அதை ஒட்டிய பட்டாம்பூச்சிப் பூங்காவும் அருமையான இடம். காட்டோரத்துப் பிள்ளைகளுக்குக் காட்டில் கிடைக்காததைக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

முதல் வேடிக்கை மெட்ரோதான். ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி, சந்தாபுரம் தாண்டி பொம்மசந்திராவில் இறங்கினால் மஞ்சள் வழித்தடம் தொடங்குகிறது. 2025 ஆகஸ்டில் திறந்தது, ஆர்.வி. ரோடு வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். ஓட்டுநர் இல்லாமலே ஓடும்படி செய்த ரயில்கள். சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸுக்குள் வெந்துபோன எங்கள் தலைமுறைக்கு, அதே நெரிசலை மேலிருந்து பார்த்துக்கொண்டே கடப்பது பெரிய விடுதலை. ஐந்தாவது படிக்கிற சின்னவன் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் கன்னட அறிவிப்போடு சேர்ந்து சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் சற்று நேரத்தில் லால்பாக். ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம். 1889-ல் கட்டிய கண்ணாடி மாளிகையைப் பார்க்கச் சொன்னால் இருவரும் ஓடியது பாறைக்கு. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயதான பாறை அது. காலை நேரம், நிழல், ஓட இடம்: பயணக் களைப்பு தீர இதைவிட வேறென்ன வேண்டும்? பக்கத்தில் எம்.டி.ஆர். ஓட்டலில் ரவா இட்லி. இரண்டாம் உலகப்போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிறந்த பலகாரம் என்று அந்த ஓட்டல்காரர்கள் சொல்வார்கள்.

பிறகு மெஜஸ்டிக்கில் மாறி, கப்பன் பூங்கா நிலையத்தில் இறங்கி, கஸ்தூர்பா சாலை. விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1962-ல் நேரு திறந்துவைத்தது. வாசலிலேயே பெங்களூரில் செய்த மாருத் போர்விமானம் நிற்கிறது. உள்ளே ரைட் சகோதரர்களின் விமானம், நிஜ அளவில். ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்றது இன்ஜின் கூடத்தில்.

அங்கே வெட்டித் திறந்து வைத்த இன்ஜின் ஒன்று. பித்தானை அழுத்தினால் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது, அது தள்ளத் தள்ள அடியில் கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. சின்னவன் அழுத்தினான், நின்றதும் மறுபடி அழுத்தினான். “மாமா, அப்பா கடைசல் போடறது இதானா?” இதேதான் என்றேன். அவன் அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கிராங்க் ஷாஃப்ட் என்ற சொல் வீட்டில் தினமும் புழங்குகிறது. பொருளை அவன் பார்த்ததில்லை. கம்பெனி கேட்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். ஓசூரைச் சுற்றி எத்தனை வீட்டில் அப்பாவும் அம்மாவும் என்ன செய்கிறார்கள் என்றே தெரியாமல் பிள்ளைகள் வளர்கிறார்கள்! அவர்களை மால் மாலாகச் சுற்றிக் காட்டுவதற்கு முன்னால் இந்தக் கூடத்துக்குக் கூட்டி வாருங்கள். இதை ஒரு வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

பெரியவளுக்கு வேறொரு கேள்வி: யார் இந்த விஸ்வேஸ்வரய்யா? மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்து, 1911-ல் கிருஷ்ணராஜசாகர் அணை வேலையைத் தொடங்கியவர் என்றேன். அந்த அணையிலிருந்து விடுகிற தண்ணீர் மேகதாது தாண்டி வந்து அளக்கப்படுவது எங்கள் பிலிகுண்டுலுவில். செய்தியில் நாள்தோறும் வரும் அந்தக் கன அடிக் கணக்கு அவளுக்கு மனப்பாடம். அதே காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம்தான் 1905-ல் பெங்களூருத் தெருக்களுக்கு விளக்கேற்றியது. இன்று இந்த ஊர் குடிப்பதும் காவிரித் தண்ணீர்தான். “அப்ப இது நம்ம ஆத்து ஊரு மாமா” என்றாள்.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தில் பிள்ளைகள் எதையும் பார்ப்பதில்லை, கால் வலிக்கிறது என்றுதான் அழுகிறார்கள். மெட்ரோவில் கூட்டம் நெருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் பெரியவர்களின் போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

மறுநாள் சௌடய்யா சாலையில் உள்ள நேரு கோளரங்கம். காட்சிகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. எல்லையோரப் பிள்ளைகளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு என்பதால் கன்னடக் காட்சிக்கே சீட்டு வாங்கினோம். அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.