குளிர் மலையில் கொதிக்கும் வண்டி

டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சங்கில் காலைக் குளிர் எலும்பைத் துளைக்கிறது. ஆனால் அங்கிருந்து 3,636 மீட்டர் உயரச் சந்தக்பூவுக்குக் கிளம்பும் பழைய லேண்ட் ரோவருக்கு எதிரி சூடுதான்.

சுமார் 31 கி.மீ. ஏற்றம். வண்டி ஊர்ந்தே ஏறுவதால் ரேடியேட்டரில் மோதும் காற்று குறைவு. 1950களின் எஞ்சினில் விசிறி பெல்ட்டில் ஓடுவது; எஞ்சின் மந்தமானால் அதுவும் மந்தம். போதாக்குறைக்கு, உச்சியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் கொதிக்க 88 டிகிரியே போதும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம்தான் காப்பு.

இதற்கு ஒரு வழி, பேட்டரியில் ஓடும் மின்விசிறி. எஞ்சின் வேகம் எதுவானாலும், சூடேறினால் முழு வேகத்தில் சுழலும். ஆனால் பழைய டைனமோ தரும் மின்சாரம் அதற்குப் பற்றாது. ஆல்டர்னேட்டரும் பொருத்த வேண்டும். அதற்கு முன் ரேடியேட்டர் அடைப்பை நீக்க வேண்டும். அடைப்பு இருந்தால் எந்த விசிறியும் உதவாது.

செலவுதான். ஆனால் பாதையில் பொலேரோக்கள் பெருகிவிட்டன. கஞ்சன்ஜங்கா தெரியும் வளைவில் கிழட்டு வண்டி ஆவி கக்கி நின்றால் பயணிக்கு நல்ல புகைப்படம் கிடைக்கும். ஓட்டுநருக்கோ அடுத்த சவாரி போய்விடும்.