பதினோரு மாத அமைதி, ஒரு மாத வெளிச்சம்

நியூயார்க்கின் ப்ரூக்ளினில் உள்ள டைக்கர் ஹைட்ஸ், ஆண்டில் 11 மாதங்கள் அரவமில்லாத குடியிருப்பு. நெடுங்காலமாக இத்தாலிய வம்சாவளியினரின் பேட்டை என்று பெயர் பெற்றது. டிசம்பர் வந்ததும் 11வது, 13வது அவென்யூக்களுக்கு இடைப்பட்ட தெருக்கள் திருவிழாக் கோலம் பூணுகின்றன. 1980களில் சில வீடுகளில் தொடங்கிய அலங்காரம் இன்று ஊர் வழக்கம்.

அமெரிக்க வீட்டு முற்றங்களில் எழும் சுருள் விளக்கு மரத்துக்கு மரமே தேவையில்லை. நடுவில் ஓர் இரும்புக் குழாய். அடியில் பிளாஸ்டிக் குழாயை வளைத்த வளையம். கெட்டிக் கம்பியை உச்சியிலிருந்து அகல அகலச் சுற்றி இறக்கி, அதில் சீரியல் பல்புகளைக் கட்டுகிறார்கள். சுற்றுகளின் இடைவெளி பிசகினால் மரம் கோணல். எதிரி, காற்று. நாலு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்ட வேண்டும்.

முன்னோடியும் இதே நகரம்தான். 1882 டிசம்பரில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், தன் வீட்டில் 80 மின்விளக்குகள் பூட்டிய கிறிஸ்துமஸ் மரத்தைச் சுழலவிட்டார்.

பழைய 100 பல்புச் சரம் சுமார் 40 வாட் குடித்தது. எல்.இ.டி. சரத்துக்கு 5 வாட் அளவே போதும். மின் செலவு குறைந்தது, கூட்டம் பெருகியது. பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாப் பயணிகள் இறங்க, வீட்டுக்காரர் தன் காரை நிறுத்த இடம் தேடுகிறார். கூலிக்கு ஆள் வைத்து அலங்கரிப்பவர்களும் உண்டு.

முணுமுணுப்பு இருக்கிறது. ஆனாலும் ஒதுங்குவது எளிதல்ல. இந்தத் தெருக்களில் விளக்கேற்றாத வீடுதான் முதலில் கண்ணில் படுகிறது.