நாலாவது மூலை

போட்டோ ஃபிரேம் செய்வது ரொம்ப சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை செய்து பார்க்கலாம். நாலு மரச்சட்டம், எட்டு முனை, எல்லாமே 45 டிகிரி. அறுத்து ஒட்ட வேண்டியதுதான். முதல் மூலை பிரமாதமாகச் சேரும். இரண்டாவதும் மூன்றாவதும் கூட. நாலாவது மூலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்!

அமெரிக்காவில், ஓஹையோ பக்கம் ஒரு பெரியவருக்கு இப்படித்தான் ஆனது. ரிட்டையர் ஆனவர். செகண்ட் ஹேண்டில் ஒரு டேபிள் ஸா வாங்கி கராஜில் போட்டார். முதல் வேலையாக, காலமான மனைவியின் படத்துக்குத் தன் கையாலேயே வால்நட் மரத்தில் ஃபிரேம் செய்தார். நாலாவது மூலையில் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் இடைவெளி. பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்தார். காய்ந்ததும் அந்த இடம் மட்டும் கறுத்து, தழும்பு மாதிரி தெரிந்தது. படம் அந்த ஃபிரேமிலேயே சுவரில் ஏறியது. ஆனால் தினமும் அவர் கண் படத்துக்குப் போகாமல் அந்த மூலைக்கே போய்க்கொண்டிருந்தது.

டேபிள் ஸா பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ஒரு இரும்பு மேஜை, அதன் நடுவில் கீழேயிருந்து எட்டிப் பார்க்கும் வட்ட ரம்பம். ரம்பத்துக்கு இணையாக மேஜையில் ஒரு நீளமான பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஓடும் ஒரு இரும்புப் பட்டை, அதன் தலையில் டிகிரி போட்ட அரை வட்டம். இதுதான் மைட்டர் கேஜ். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானிக்குக் கால் முளைத்து ஓடினால் எப்படி இருக்கும், அதேதான். மரத்தை இதன் மேல் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால், வைத்த கோணத்தில் அறுபடும். படவேண்டும்.

பெரியவர் கேஜை ஒரே ஒரு தடவை 45-ல் வைத்து, மரத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு எட்டு முனையையும் அறுத்திருந்தார். மிஷினோடு வந்த கேஜ்களில் டிகிரிக் கோடுகள் நெருக்கமாக இருக்கும். அரை வட்டத்தின் ஆரம் 60 மில்லிமீட்டர் என்றால் அரை டிகிரி என்பது வெறும் அரை மில்லிமீட்டர், பென்சில் கோட்டின் தடிமன். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் எட்டு வெட்டிலும் அதே அரை டிகிரி, அதே பக்கமாகத் தப்பினால்? மொத்தம் 4 டிகிரி. மூன்று மூலையை அழுத்தி ஒட்டிவிட்டால் அந்த நாலு டிகிரியும் கடைசி மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். சட்டத்தின் அகலம் 50 மில்லிமீட்டர் என்றால், சாய்வாக அறுத்த முனையின் நீளம் சுமார் 70. அதில் 4 டிகிரி என்றால் 5 மில்லிமீட்டர் பிளவு. கணக்கு கச்சிதமாக இடிக்கிறது.

தப்பு பத்தில் ஒரு டிகிரியாகக் குறைந்தால் அதே மூலையில் 1 மில்லிமீட்டர்தான் திறக்கும். அதுவும் தெரியத்தான் செய்யும்! அறுகோணப் பெட்டி செய்தால் பன்னிரண்டு வெட்டு, நிலைமை இன்னும் மோசம்.

உடனே விலை உயர்ந்த கேஜ் ஒன்றை வாங்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றியது. இன்க்ரா கம்பெனியின் வி27 மாதிரி கேஜ்களில் கோட்டைப் பார்த்து வைக்கும் வேலையே இல்லை. 5 டிகிரிக்கு ஒன்றாகவும் 22.5-க்குத் தனியாகவும் வெட்டிய பற்கள் இருக்கும், டக்கென்று பல்லில் விழுந்து நிற்கும். ஆஸ்போர்ன் ஈபி-3 வேறு வழி. அதில் நீண்டு சுருங்கும் ஒரு கை முக்கோணமாகத் தாங்கி நிற்கும். இரண்டுமே நல்ல யோசனைகள்தான். ஆனால் பல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பட்டை பள்ளத்தில் ஆடினால் என்ன பிரயோஜனம்?

அவர் பழைய கேஜைப் பள்ளத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். லொடலொட. மறைந்திருந்த குற்றவாளி அகப்பட்டான். பெரிய மிஷின்களில் பள்ளம் பொதுவாக முக்கால் அங்குல அகலம், அதாவது 19 மில்லிமீட்டர். சின்ன மிஷின்கள் சிலவற்றில் இந்த அளவே வேறு. (கடையில் கேஜ் வாங்கி வந்து, பள்ளத்தில் நுழையாமல் திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய. முதலில் பள்ளத்தை அளக்க வேண்டும்.) நல்ல கேஜ்களின் பட்டையில், திருகினால் விரிந்து பள்ளத்தின் சுவரைத் தொடும் அமைப்பு இருக்கும். அது இல்லாத பழசுக்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. பட்டையின் பக்கவாட்டில் சென்டர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் நாலைந்து இடத்தில் குத்தினால், குழியைச் சுற்றி இரும்பு லேசாகப் புடைக்கும், ஆட்டம் நின்றுவிடும். செலவு பூஜ்யம்.

அடுத்தது ரம்பம். அது பள்ளத்துக்கு இணையாக இல்லையென்றால் ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் மரத்தை உரசிக் கருக்கும், வெட்டு கரடாகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே பல்லை முன்னாலும் பின்னாலும் கொண்டுபோய்ப் பள்ளத்திலிருந்து தூரத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

பிறகு சோதனை. கேஜை நேர்க்கோணத்தில் வைத்து ஒரு பலகையை அறுத்து, ஒரு பாதியை மட்டும் புரட்டிப் போட்டு, வெட்டிய முனைகளைச் சேர்த்துப் பார்த்தால் தப்பு இரண்டு மடங்காகத் தெரியும். இன்னும் பொறுமை உள்ளவர்களுக்கு ஐந்து வெட்டு முறை. ஒரு பலகையின் நாலு பக்கத்தையும், அறுத்த பக்கத்தையே கேஜில் சாய்த்து வரிசையாக அறுத்து, ஐந்தாவதாக முதல் பக்கத்திலிருந்தே ஒரு மெல்லிய கீற்று எடுக்க வேண்டும். கீற்றின் இரண்டு முனை தடிமனுக்கும் உள்ள வித்தியாசம் தப்பின் நாலு மடங்கு. 400 மில்லிமீட்டர் கீற்றில் 0.8 வித்தியாசம் வந்தால், ஒரு வெட்டுக்கு 0.2. டிகிரியில் 0.03 கூட இல்லை. மூலைமட்டத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இவ்வளவும் செய்த பிறகு அந்தப் பழைய கேஜ் நன்றாகவே அறுத்தது. ஆனாலும் அவர் புதுசு வாங்கினார்! காரணம் கோணம் இல்லை, நீளம். எதிரெதிர்ச் சட்டங்கள் மயிரிழை நீளம் மாறினாலும், கோணம் சுத்தமாக இருந்தாலும், மூலை சேராது. நீளமான ஃபென்ஸும் அதில் நகர்த்தி இறுக்கும் ஒரு தடுப்புக்கட்டையும் இருந்தால் ஜோடிச் சட்டங்கள் இரண்டும் ஒரே அளவில் விழும். பழைய கேஜில் மரப்பலகை ஒன்றைத் திருகி இதையே செய்யலாம், பலரும் செய்கிறார்கள். அவருக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். (தடுப்புக்காக மிஷினின் நீள ஃபென்ஸில் மரத்தின் முனையை முட்டவைத்து கேஜால் தள்ளுவது மட்டும் கூடவே கூடாது. அறுந்த துண்டு இடையில் சிக்கி, முகத்துக்கு நேராகப் பறந்து வரும்.)

புது கேஜ் பெட்டியிலிருந்து எடுத்தவுடனே சரியாக அறுத்ததா என்றால், இல்லை. அதன் பற்கள் ஒன்றுக்கொன்று சரி, அவருடைய ரம்பத்துக்குச் சரியில்லை. ஐந்து வெட்டு போட்டு, திருகைத் தளர்த்தி, மறுபடி ஐந்து வெட்டு. ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. 45-ல் அறுக்கும்போது மரம் ஃபென்ஸ் மேல் மெதுவாக வழுக்கும் என்பதால் உப்புத்தாள் வேறு ஒட்டினார்.

இரண்டாவது ஃபிரேமில் நாலு மூலையும் சேர்ந்தது. அதில் பேரன் பேத்திகளின் படம் இருக்கிறது. மனைவியின் படத்தை அவர் பழைய ஃபிரேமிலிருந்து மாற்றவில்லை.