மார்புச் சூடு

28-ஆவது வாரத்திலேயே அவசரப்பட்டு ஜனித்துவிட்ட என் பேரனை, 980 கிராம் என்றெழுதிய சீட்டோடு கண்ணாடிப் பெட்டிக்குள் முதன்முதலாகப் பார்த்தபோது, கல்கத்தா பவானிபூரின் ஜதுபாபு பஜாரில் நான் வழக்கமாக வாங்கிவரும் ஒரு கிலோ கத்தரிக்காய்கூட இவனைவிடக் கனமாயிற்றே என்ற அசந்தர்ப்பமான எண்ணந்தான் மனத்தில் எழுந்தது. (பாட்டன்மாரின் புத்தி அப்படித்தான் போகும்.) என் மோதிரம் அவன் முழங்கைவரை ஏறிவிடும் போலிருந்தது, தோலோ வெங்காயச் சருகுபோல் உள்நரம்பைக் காட்டிற்று.

சுவாசம் ஒருவாறு நிலைப்பட்டபின், என் மகளின் மார்போடு அவனைத் தோலோடு தோல் படும்படி அணைத்துக் கட்டினார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த ஓர் ஆஸ்பத்திரியில் எட்கர் ரே சனாப்ரியா என்னும் வைத்தியர் தொடங்கிவைத்த ‘கங்காரு’ முறையாம் அது. மாப்பிள்ளையும் சட்டையைக் கழற்றிவிட்டு முறை வைத்து அமர்ந்தார். அந்தக் கூச்ச சுபாவியை அப்படி நான் கண்டதேயில்லை.

நம் பவானிபூர் எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரியில், 2013 முதல் தாய்ப்பால் வங்கி ஒன்று இருப்பதையும், இந்தியாவில் இதற்கெல்லாம் முன்னோடி 1989-இல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் ஏற்பட்டதென்பதையும், அவனுக்குப் பால் புகட்டும் பேச்சு வந்தபோதுதான் அறிந்தேன்.

ஐம்பத்தாறாம் நாள், 1,800 கிராமோடு வீடு வந்தான். மூன்றாம் மாடிவரை அவனைத் தூக்கிவர என்னை மட்டும் ஒருவரும் அனுமதிக்கவில்லை.