ஆறு வாரம், நாலு படம்

அக்டோபர் 9, 2024
நேற்று பாத்ரூமில் வழுக்கிவிட்டது. வலது கணுக்காலில் விரிசல். மாவுக்கட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. மகள் ஹால் சோபாவையே எனக்குப் படுக்கையாக்கி, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டாள். "ஓடிடில எல்லாம் வருதும்மா. நல்லதா இருந்தா எனக்கும் சொல்லு."

அக்டோபர் 12
மாரி செல்வராஜின் 'வாழை' நேற்று ஹாட்ஸ்டாரில் வந்தது. லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போகிற பள்ளிக்கூடப் பையன். அவன் கழுத்தைப் பார்த்து என் கழுத்து வலித்தது. மாடி வீட்டு அக்கா பூஜைப் பழம் ரெண்டு வைத்துவிட்டுப் போனாள். தொடவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "வாழை பாருங்க. கடைசி அரைமணி நேரம் சாப்பாட்டுத் தட்டோட உக்காராதீங்க."

அக்டோபர் 13
'கொட்டுக்காளி', பிரைமில். பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்தது. பின்னணி இசையே கிடையாது. எங்கள் ஃபேன் போடும் கிரீச்சைக்கூடப் படத்துச் சத்தம் என்று நினைத்துவிட்டேன். பேய் பிடித்திருக்கிறதென்று ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கட்டிப்போன குரலில் சூரி. நடுவழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. ஆம்பளைகள் அத்தனை பேரும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிப்போகிறாள். சூரி காமெடிக்காகப் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லக் கூடாது. சித்திக்குச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 16
மழை. கரண்ட் இல்லை. கட்டுக்குள் அரிப்பு.

அக்டோபர் 20
சித்தி போன் செய்தாள். "முடியாத படத்த எதுக்குடி பாக்கச் சொன்னே?" கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவே மறந்துவிட்டாள். அந்தக் கோபம்கூட நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 26
'மெய்யழகன்' நெட்ஃபிளிக்ஸில் நேற்றே வந்துவிட்டது. நீடாமங்கலத்தில் நடக்கிற கதை என்றதும் கை போகவில்லை. எங்கள் மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர்.

சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்ட அருள்மொழி, இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகப் போகிறான். 'அத்தான் அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறவன் பெயர் மட்டும் அவனுக்கு ஞாபகம் வர மாட்டேன் என்கிறது. நீளம் என்று தியேட்டரில் வந்த முதல் வாரத்திலேயே 18 நிமிஷத்தை வெட்டினார்களாம். எனக்கு நீளம் தெரியவில்லை. அரவிந்த்சாமி முழிக்கிற முழியிலேயே பொழுது போய்விடுகிறது.

அருள்மொழி விட்டுவிட்டுப் போன சைக்கிள் தங்கள் வீட்டுக்கு என்னவெல்லாம் செய்தது என்று கார்த்தி சொல்லிக்கொண்டு வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். எங்கள் திண்ணையிலும் ஒன்று நின்றது. அண்ணன் எனக்குக் குரங்குப் பெடல் பழக்கியது அதில்தான். 2011இல் வீட்டை விற்றபோது கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டார். சைக்கிள் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

குழுவில் 'மெய்யழகன் பாருங்க' என்று அடித்தேன். அண்ணனும் அதில் இருக்கிறார். குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டால்? அழித்தேன். 'கார்த்தி படம் ஒண்ணு வந்திருக்கு' என்று அடித்தேன். அதையும் அழித்தேன்.

அக்டோபர் 31
தீபாவளி. காலில் பாலிதீன் பையைக் கட்டி, ஈரத்துணியால் துடைத்துவிட்டாள் மகள். அதுதான் கங்கா ஸ்நானம்.

ஹாட்ஸ்டாரில் 'லப்பர் பந்து' இன்று வந்தது. வெடிச் சத்தத்தில் பாதி வசனம் காதில் விழவில்லை. ஊர் கிரிக்கெட்டில் 'கெத்து' என்று பேர் எடுத்த மனுஷருக்கும், அவர் மகளைக் காதலிக்கிற பையனுக்கும் வீம்பு. இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருமே இறங்கி வர மாட்டார்கள். தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படமாம், நம்ப முடியவில்லை. தினேஷ் மட்டை பிடிக்க வரும்போது விஜயகாந்த் பாட்டு. யோசிக்காமல் குழுவில் போட்டேன்: "கேப்டன் ஆளுங்க விட்டுடாதீங்க."

எங்கள் குடும்பத்தில் கேப்டன் ஆள் ஒருத்தர்தான்.

நவம்பர் 3
ராத்திரி ஒன்பதரைக்கு போன். "என்ன பாப்பா, கால் எப்படி இருக்கு?"

கல்யாண வீடுகளில் தலையசைத்துக்கொண்டதோடு சரி, பதிமூன்று வருஷம். முக்கால் மணி நேரம் லப்பர் பந்து பற்றியே பேசினார். பாட்டு வந்ததும் எழுந்து நின்றுவிட்டாராம், அண்ணி சிரித்தாராம். "ஹரித்ராநதில பந்து விழுந்தா நீதானே காவல்?" என்றார். ஆமாம். தெப்பக்குளத்துப் படித்துறையில் உட்கார்ந்து, காற்றுக்குப் பந்து ஒதுங்குகிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒதுங்கினால் எனக்கு ஒரு ஓவர் என்பார்கள். ஒரு நாளும் கொடுத்ததில்லை. அதைச் சொன்னேன். சிரித்தார்.

வீட்டுப் பேச்சு வரவில்லை.

நவம்பர் 10
சித்தி: "முடிவு இருக்கற படமா ஒண்ணு சொல்லுடி."

நவம்பர் 19
கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது யாரோ ஒருத்தர் கால் போல, சூம்பி, செதில் செதிலாக. ஊன்றப் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் அண்ணன். "அந்த நீடாமங்கலத்துப் படம் நீ சொல்லவே இல்லியே, பாத்தியா?"

"பாதி பாத்தேண்ணே."

"எதுவரைக்கும்?"

"கண்ணு சொக்கிருச்சு."

"ம்" என்றார். அந்தப் பக்கம் குக்கர் விசில். அப்புறம், பிசியோவுக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டார்.