பார்க்காமல் எடுத்த பதுளை

எழுபதுகளில் என் மாமா பதுளை பசார் வீதியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தார். அந்த ஸ்டூடியோவுக்குச் சோறு போட்டது பாஸ்போட் படம்தான். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி எங்கள் மலையகச் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும். பசறை, நமுனுகுல, மடுல்சீமை என்று எல்லா மலையிலிருந்தும் சனம் பஸ் ஏறி வந்து பெஞ்சியில் காத்திருக்கும். சுவரில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். பிரட்டில் பேர் கூப்பிடுகிற கங்காணியும் சரி, பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிற ஆளும் சரி, அந்த ஒரே கோட்டுக்குள் புகுந்துதான் வெளியே வருவார்கள். பொம்பளைகளுக்குப் பவுடர் டின்னும் சீப்பும். “அசையாம, நேரா பாருங்க” என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

“படம் புடிக்கப் போறேன்னு சொன்னதுமே நம்ம சனம் செத்த மூஞ்சிய வச்சிக்குதுடா மருமவனே” என்பார் மாமா. அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கெமராவை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு சந்தைப் பக்கம் போவார். கண்ணுக்குக் கொண்டுபோகவே மாட்டார். அது யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்து விற்ற பழைய யாஷிக்கா எலெக்ட்ரோ. சாமான் இறக்குமதி இல்லாத காலம். ஸ்டூடியோவில் மிஞ்சுகிற பிலிம்தான் அதற்குத் தீனி.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. லென்ஸ் வாயை 11க்குச் சுருக்கி, தூரத்தைப் பத்தடியில் வைத்துவிட்டால் ஏழடி முதல் பதினெட்டடி வரை எல்லாம் தெளிவாக விழும். பிறகு தூரத்தைக் கால்தான் அளக்க வேண்டும். மாமா கருவாட்டுக் கடைக்காரரிடம் விலை கேட்டுக்கொண்டே பக்கத்துக் கடையை எடுப்பார். ஷட்டரின் ‘டிக்’ சந்தை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? பாதிப் படத்தில் தலை இருக்காது. மீதியில் பாதி கோணல். முதலாளி பார்த்தால் பிலிமை நாசம் பண்ணுகிறான் என்று ஏசுவார் என்பதால் கழுவிய படங்களை அப்பாயியின் லயக் காம்பராவில் தகரப் பெட்டிக்குள் போட்டுவைப்பார்.

அந்தப் பெட்டியில் இருந்த ஒரு படம் எனக்கு இன்றும் மனப்பாடம். சம்பள ஞாயிறு. நைலக்ஸ் சேலை கட்டிய ஒருத்தி, முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறாள். முடிச்சுக்குள் காசு. கடைக்காரரின் கை பாதி மட்டும் தெரிகிறது. அவள் இடுப்பைப் பிடித்தபடி நிற்கும் பயல் மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறான். மாமாவின் படங்களில் பெரியவர்கள் யாரும் கெமராவைப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் மட்டும் பார்ப்பார்கள். நெஞ்சில் தொங்குகிற கெமரா அவர்களுடைய கண் மட்டத்துக்கு வந்துவிடுகிறதே, அவர்களை ஏமாற்ற முடியாது.

பின்னாளில்தான் நியூயார்க் சுரங்க ரயிலில் வாக்கர் எவன்ஸ் இதையே செய்ததைப் படித்தேன். 1938 முதல் 1941 வரை கெமராவைக் கோட்டுக்குள் ஒளித்து எதிரே இருந்தவர்களை எடுத்தவர், அந்தப் படங்களைப் புத்தகமாக்க 1966 வரை காத்திருந்தார். மாமாவுக்கு எவன்ஸையும் தெரியாது, எவன்ஸ் பட்ட சங்கடமும் கிடையாது. கேட்காமல் எடுப்பது திருட்டுத்தானே என்று யாராவது கேட்டால் சிரிப்பார். எனக்கும் அதில் ஒரு நெருடல் உண்டு. ஆனால் நம் சனத்தைக் கேட்டு எடுத்தவர்களின் படங்கள் எப்படி இருக்கின்றன? 1875இல் இலங்கைக்கு வந்த ஜூலியா மார்கரெட் கமரோன் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்திருக்கிறார். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு மூச்சைப் பிடித்து அசையாமல் இருந்தாக வேண்டும். பிறகு வந்த தபாலட்டைகளில் கொழுந்துக் கூடையோடு சிரிக்கிற பெண்கள். எல்லாமே சொல்லி நிற்கவைத்தவை. சந்தையில் முடிச்சவிழ்க்கிற பெண்ணை அந்தத் தபாலட்டைக்காரர்கள் யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை.

மாமாவின் ஸ்டேஷன் படங்களைத்தான் நெஞ்சு பொறுத்துப் பார்க்க முடியாது. 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த அந்த ரயில் பாதையில்தான் பிறகு இந்தியாவுக்குப் போகிற ஆட்கள் தலைமன்னாருக்குப் போனார்கள். ஒப்பாரி கோச்சி என்றே அதற்குப் பேர். கயிற்றால் கட்டிய டிரங்குப் பெட்டி, அதில் வெள்ளைப் பெயின்டில் பேரும் போகிற ஊரும். ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்த ஒரு கை. பிளாட்பாரத்திலிருந்து அதைப் பற்றிய இன்னொரு கை. இரண்டு முகங்களும் படத்துக்கு வெளியே போய்விட்டன. அந்த இடத்தில் கெமராவைக் கண்ணில் வைத்திருந்தால் சனம் அடித்திருக்கும், அடிக்கவும் வேண்டும்.

1983 ஜூலை 27 மத்தியானம் பதுளை பசாரில் தமிழர் கடைகள் எரிந்தன. ஸ்டூடியோவும் போயிற்று, கோட்டும் நெகட்டிவ்களும் போயின. ஒழுங்காக எடுத்த பாஸ்போட் படங்களின் நெகட்டிவ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உதவாது என்று லயத்துக்கு அனுப்பிய கோணல் படங்கள் மிஞ்சின. அதற்குப் பிறகு அவற்றில் நாங்கள் ஆட்களைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். பின்னால் தெரிகிற கடைப் பலகைகளைத்தான் பார்ப்போம். இது துணிக்கடை, இது நகைக்கடை, இந்தப் படியில்தான் தேத்தண்ணிக் கடை என்று அப்பாயி விரலை வைத்துச் சொல்லும். மாமா அந்தப் பலகைகளை எடுக்கவே நினைக்கவில்லை. கண் வைத்துப் பார்த்திருந்தால் முகத்துக்குக் கிட்டப் போய் அவற்றை வெட்டியே விட்டிருப்பார்.

இப்போது அந்தப் பதுளை ரயில் பாதையின் ஒன்பது வளைவுப் பாலத்தில் ஆளுக்கொரு போன். ஹப்புத்தளைப் பக்கம் கொழுந்து பறிக்கிறவர்கள் வெள்ளைக்காரர்களுக்கு நின்று கொடுத்துவிட்டுக் காசு கேட்கிறார்கள். கேட்கட்டும், நியாயம்தான்.

அந்த ஒப்பாரி கோச்சியில் போனவர்களின் பிள்ளைகள் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். அங்கேயோ இங்கேயோ யாருடைய டிரங்குப் பெட்டியிலாவது பழைய பதுளைப் படம் கிடந்தால், தலை வெட்டுப்பட்டிருக்கிறது என்று வீசிவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே காட்டி, என்ன கடை, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று கேட்டுப் பின்புறம் எழுதிவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.