ஒயினுக்கு ஒரு நியாயம், சாராயத்துக்கு ஒரு நியாயம்

பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு எங்களை அழைத்திருந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்குப் பலியானவர்களின் குடும்பங்களோடு வேலை செய்கிறோம் என்பதால், அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் முதல் கேள்வி வந்தது: "குடிச்சிட்டுச் செத்தவங்களுக்கு அரசாங்கம் பத்து லட்சம் கொடுத்தது சரியா?"

எங்களுக்குப் பழகிய கேள்விதான். டீக்கடையில் கேட்டிருக்கிறோம், பேருந்தில் கேட்டிருக்கிறோம், எங்கள் சொந்தக்காரர்களிடமே கேட்டிருக்கிறோம். அன்று எங்களைக் குடைந்தது அந்தக் கேள்வியல்ல, இரவு விருந்து.

விருந்தில் வெள்ளை ஒயின் பரிமாறினார்கள். கேள்வி கேட்ட அதே நண்பர்தான் எங்களுக்கு விளக்கினார். நந்தி மலை அடிவாரத்துத் தோட்டமாம். கன்வல் க்ரோவர் என்பவர் 1988இல் குடும்பமாகத் தொடங்கியது. திராட்சையைப் பிழிந்து, தோலை நீக்கி, சாற்றை மட்டும் எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியில் மெதுவாகப் புளிக்க விடுவார்களாம். அந்த மலைக் காற்று, மண், அப்பாவுக்குப் பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட மகன் என்று சொல்லிக்கொண்டே போனார். எங்களில் ஒருவர் குடித்தார், ஒருவர் குடிக்கவில்லை. புளிப்பும் பூ வாசமுமாக நன்றாகத்தான் இருந்ததாம்.

எங்கள் பக்கத்திலும் ஒரு மலை இருக்கிறது. கல்வராயன் மலை. அங்கும் குடும்பமாகத்தான் சாராயம் காய்ச்சினார்கள்: வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் வெட்டி வேலை செய்த மலையாளிப் பழங்குடிகளின் மலை அது. சாலையும் பள்ளியும் தாமதமாக வந்தன, போலீஸ் சீக்கிரம் வந்தது. அந்தக் குடும்பத் தொழிலைப் பற்றி யாரும் விருந்தில் கதை சொல்ல மாட்டார்கள். ஊறலைக் கொட்டி அழிக்கும் புகைப்படம்தான் செய்தித்தாளில் வரும்.

ஆனால் கருணாபுரத்தில் கொன்றது வெல்ல ஊறல் அல்ல, மெத்தனால். தொழிற்சாலைகளுக்கான ரசாயனம் அது. உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்றுவிடும். அதை வாங்கி, கலந்து, பாக்கெட் போட்டு, நீதிமன்றமும் காவல் நிலையமும் இருக்கும் நகரத்தின் நடுவிலேயே விற்றார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பட்டியலினத்துக் கூலித் தொழிலாளர்கள். பெண்களும் இருந்தார்கள். டாஸ்மாக் திறப்பதே பகல் 12 மணிக்கு. மூட்டை தூக்குகிறவருக்கும் சாக்கடையில் இறங்குகிறவருக்கும் விடியற்காலையிலேயே வேலை. டாஸ்மாக் குவார்ட்டரின் பாதி விலைக்கு, அதற்கும் முன்னாலேயே, வீட்டுப் பக்கத்தில் பாக்கெட் கிடைத்தது.

அன்றிரவு நாங்கள் அந்த நண்பரிடம் இத்தாலியைப் பற்றிச் சொன்னோம். 1986இல் அங்கே சில வியாபாரிகள் மலிவான ஒயினில் மெத்தனால் கலந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பலருக்குக் கண் போனது. அங்கே குற்றவாளி, கலந்தவன். சோதனைகள் கடுமையாயின. ஒயின் தன் கௌரவத்தை மீட்டுக்கொண்டது. கருணாபுரத்திலோ செத்தவரே தன் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னோம். உங்கள் கையிலிருக்கும் கோப்பையிலும் துளி மெத்தனால் உண்டு, பழத்திலுள்ள பெக்டினிலிருந்து இயல்பாகவே வருவது, பயப்பட வேண்டாம், அளவு பார்த்துத்தான் விற்கிறார்கள் என்று. நண்பர் கோப்பையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். (கொஞ்சம் வன்மம்தான், ஒப்புக்கொள்கிறோம்.)

சாராயத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை நாங்கள். கருணாபுரத்துப் பெண்களிடம் கேட்டால் டாஸ்மாக்கையும் சேர்த்து மூடச் சொல்வார்கள். அவர்கள் பட்ட அடி அப்படி. ஆனால் மகாராஷ்டிரம் 2001இல் ஒயினை விவசாயிக்கு வருமானம் தரும் தொழிலாகப் பார்த்துச் சலுகை கொடுத்தது. கர்நாடகம் 2007இல் அதற்கென்றே கொள்கை வகுத்தது. குடிப்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அது பண்பாடா, ஒழுக்கக்கேடா என்று முடிவாகிறது. சமூகவியல் வகுப்பில் ரசனையும் வர்க்கமும் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். சாதியைச் சேர்த்துப் படிக்கக் கருணாபுரம் போக வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும், கணவரை இழந்த ஓர் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னோம். மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு இறப்புச் சான்றிதழ் நகல் தேடிக்கொண்டிருந்தார்.

"அவரு குடிச்சது தப்புதான்மா, நானே திட்டியிருக்கேன். ஆனா வெஷம்னு தெரிஞ்சா குடிச்சாரு?" என்றவர், சற்றுப் பொறுத்துக் கேட்டார்: "அந்த பாட்டில்ல, உள்ள என்ன இருக்குன்னு எழுதியிருந்துச்சா?"

"எழுதியிருந்துச்சுக்கா. யாரு செஞ்சாங்க, எந்த ஊரு, எந்த வருஷம், எல்லாமே."

நகல் கிடைத்துவிட்டது. மதியத்துக்குள் ஜெராக்ஸ் கடைக்குப் போகவேண்டும் என்று கிளம்பினோம்.